மேற்கணக்கு செபமாலையின் ஆன்மாவுக்காக

சேசு மரி சூசை துணை

மேற்கணக்கு லயம்,
லிந்துலை.
9.12.1962

அன்புள்ள மகன் மத்தியாசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி பவுலினும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஒல்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். நான் சுகம் என்று எழுதியதை இன்னொரு தடவை வாசித்துக்கொள். உயிரோடு இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், தினமும் தோட்டத்துத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு மூன்று மைல் இறங்கி, திரும்ப மூன்று மைல் ஏறுகிறேன். இதை ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே, அந்த முகத்தை நீ சட்டி பானை உடைத்த காலத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மழை இன்னும் விடவில்லை, நம் லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரம் உன் அம்மாவின் அடுப்புக்கு மேலேயே பார்த்து ஒழுகுகிறது, ஆபீசில் சொல்லி நாலு மாதமாகிறது, யார் கேட்கிறார்கள். பவுலின் ஜி.சி.ஈ. பரீட்சையில் எட்டுப் பாடமும் பாஸ் பண்ணி, ஐந்தில் டிஸ்டிங்ஷன் எடுத்து, நம்முடைய சாமியார் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததை முன்பே எழுதியிருந்தேன், நீ அதற்கு ஒரு வரி பதில் போடவில்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எச்.எஸ்.சி. வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், உன்னைப் படிக்க வைத்த அதே ஒல்லாந்துத் துரைசாணிதான் அவளுக்கும் போர்டிங், புத்தகம் எல்லாம் கொடுக்கிறார். பள்ளிக்கூட மண்டபத்தில் உன் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், தோட்டத்திலிருந்து சீமைக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை என்று. டவுனில் யாராவது நீங்கள்தானா மத்தியாசின் அப்பா என்று கேட்டால் தபால் பை கனமே தெரியாமல் நடந்தவன் நான். அதெல்லாம் நவம்பர் இரண்டாம் தேதி காலை ஆறரை மணி வரைக்கும்.

அன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள். நான் தபாலுக்குப் போகிற வழியில் முதல் பூசைக்குக் கோயிலில் நுழைந்து பின்வரிசையில் முழங்காலில் இருந்தேன். உனக்குத் தெரியும், செத்தவர்களின் பெயர்களை எழுதி நவம்பர் மாதப் பூசைக்குக் கொடுப்பார்கள், பழைய சாமி அந்தத் தாளை மடித்துப் பீடத்தின் மேல் வைத்துவிடுவார். இப்போது புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமி ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்து, அதற்காக ஜெபிக்கச் சொல்கிறார். வாசித்துக்கொண்டே வந்தவர், மேற்கணக்கு செபமாலையின் ஆன்மாவுக்காக, மத்தியாஸ், பவுலின் ஆகியோரின் தகப்பனார், பூசைக் காணிக்கை ஒல்லாந்து தேசத்திலிருந்து என்று வாசித்தார். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் செபமாலை நான் ஒருவன்தான், கோயிலில் இருந்த தலையெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நிற்பதா, உட்கார்வதா என்று தெரியாமல் கையில் ஜெபமாலையோடு இருந்தேன், பக்கத்தில் இருந்த கிழவி பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானமே செய்தி லயத்துக்கு வந்துவிட்டது, தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கும் மாயாண்டி இறங்கி வந்து, என்ன செபமாலை அண்ணே, கருமாதிச் சோறு எப்பப் போடப் போறீங்க என்று கேட்டுவிட்டுப் போகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நானே சிரித்துவிட்டேன். உன் அம்மாதான் சிரிக்கவில்லை.

பூசை முடிந்ததும் சின்னச் சாமியிடம் போய், சாமி, அந்தச் செபமாலை நாந்தானுங்க என்றேன். அவர் முகம் வெளுத்துப்போய், புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பதினோரு வருடமாக வருடம் தவறாமல் என் ஆன்மாவுக்குப் பூசை நடந்திருக்கிறது. பதினோரு வருடமாக நான் மோட்சத்துக்குப் போக வழியில்லாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறேன், அந்தப் புண்ணியவதி கடல் கடந்து காணிக்கை அனுப்பி என்னைக் கரையேற்றப் பார்க்கிறார். அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், அதை நடத்துகிற பெரிய சாமியைப் பார்த்தேன். அவர் உட்காரச் சொன்னார். சொன்னது இதுதான். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதவி கிடைக்குமாம், வகுப்பில் யார் யாருக்குத் தகப்பன் இல்லை என்று கேட்டபோது நீ கையைத் தூக்கினாயாம், பிறகு விஷயம் தெரிந்தும் கெட்டிக்காரப் பிள்ளை என்பதால் அவர் திருத்தவில்லையாம். இப்போது பள்ளிக்கூடத்தைக் கவர்மெண்டுக்கு விட்டுக்கொடுக்காததால் கவர்மெண்டுப் பணமும் நின்று இரண்டு வருடமாகிறது, பீசும் வாங்க முடியாது, மாஸ்டர்மார் சம்பளமும் விஞ்ஞான அறையும் அந்த அம்மாவைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது, அந்த அம்மா இந்த மாதம் பரிசளிப்பு விழாவுக்கு நேரிலே வருகிறார், அதனால் நீ அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி இரு செபமாலை, இருநூறு பிள்ளைகளை நினைத்துப் பார் என்றார்.

நினைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் படிக்க ஆசைப்பட்டுக் கையைத் தூக்கியதை நான் மன்னித்துவிட்டேன், அந்த வயதில் எனக்கும் இப்படி ஒரு பெரிய பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால் நானும் தூக்கியிருப்பேனோ என்னவோ. ஆனால் லீவில் நீ வீட்டுக்கு வந்த நாட்களில் அந்த அம்மாவின் கடிதங்கள் தோட்டத்து விலாசத்துக்குத்தானே வந்தன, அவற்றை மழையில் நனையாமல் கம்பளிக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் தந்தது யார். நான் செத்ததற்கு ஆறுதல் எழுதிய கடிதத்தை நானே சுமந்து வந்து தந்திருக்கிறேன், நீயும் என் முன்னாலேயே பிரித்து வாசித்துவிட்டு, ஒண்ணுமில்லப்பா, நல்லாப் படிக்கச் சொல்லியிருக்காங்க என்றாய்.

சரி, பவுலின் படிக்கட்டும், ஒரு நாள் செத்தவனாக இருந்தால் குறைந்தா போய்விடுவேன் என்று பெரிய சாமியிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். அதோடு விட்டார்களா. இரண்டு நாள் கழித்துச் சிஸ்டர் ஒருவர் லயத்துக்கே வந்து, விழாவுக்குப் பவுலினின் அம்மா மட்டும் வர வேண்டும், வெள்ளைச் சேலை கட்டி, தாலி வெளியே தெரியாமல் வர வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னார். உன் அம்மா சிஸ்டருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கி வைத்தாள். பிறகு, எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் குந்தியிருக்காரு, நான் எதுக்குங்க வெள்ளை கட்டணும், இவருக்கு முன்னாடி நான் போயிரணும்னு தினம் வேண்டிக்கிறவ நான் என்றாள். சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விழாவுக்கு உன் அம்மா அரக்குச் சேலை கட்டி, தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு போனாள். நான் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு உள்ளே போகவில்லை, பின்பக்க ஜன்னலோரம் மற்ற தோட்டத்து ஆட்களோடு நின்றுகொண்டேன். பெரிய சாமி அறிக்கை வாசித்தார், இந்த வருடம் எத்தனை பேர் பாஸ், யார் யாருக்கு மெடல் என்று சொல்லி, உன் படத்தையும் காட்டிப் பேசினார். அந்த அம்மா வெள்ளை முடியும் சாதாரண உடுப்புமாக, பார்க்க நல்ல மனுஷியாகத்தான் இருந்தார். பவுலினுக்கு மெடலைக் குத்தி விட்டுக் கன்னத்தைத் தடவினார். அதற்குப் பிறகு பவுலின் நன்றி வாசிக்க வேண்டும், தாளைப் பெரிய சாமி இங்கிலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். பாதி வரை நன்றாக வாசித்தாள். மோட்சத்திலிருக்கும் எங்கள் தகப்பனார் உங்களை ஆசீர்வதிக்கிறார் என்று ஒரு வரி வருமாம். அந்த இடத்தில் நின்றுவிட்டாள். தாளை மடித்தாள். இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள், எங்கப்பா சாகல, அந்தா ஜன்னல்கிட்ட நிக்கிறாரு, அவருதான் எங்கப்பா என்று கையை நீட்டினாள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்வது.

பெரிய சாமி குனிந்து அந்த அம்மாவின் காதில் என்னவோ சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், உன் அம்மாவின் தாலியைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையசைத்தார். விழா முடிந்ததும் எங்களிடம் வந்து உன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அன்பாக என்னவோ பேசினார், உன் அம்மாவும் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு, நல்லதுங்க, நல்லதுங்க என்றாள். பவுலின் குறுக்கே விழுந்து இல்லை இல்லை என்கிறாள். அப்போது அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் பவுலினிடம் கொடுத்தார். உன் கையெழுத்து. நீ கப்பல் ஏறுவதற்கு முன் பத்தொன்பது வயதில் எழுதியது, நாலு பக்கம். பவுலின் அதை வாசித்து முடித்து, மடித்து அந்த அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஏறி வரும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். நான் காய்ச்சலில் கிடந்து விடியற்காலையில் செத்தேனாம், நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயாம், படி மகனே என்று சொல்லிக் கண்ணை மூடினேனாம். ஏண்டா, அப்படிச் சாகும்போது சொல்கிற ஆளா நான், உயிரோடு இருந்துதானே தினமும் சொன்னேன். அந்த அம்மா இதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், அவ்வளவு நம்பிக்கை. பெரிய சாமி காதில் ஓதியது என்ன தெரியுமா. நான் மாற்றாந்தகப்பனாம். புருஷன் செத்த பிறகு உன் அம்மா சேர்த்துக்கொண்ட ஆளாம். அந்த அம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னது, நீ மறுபடியும் கல்யாணம் செய்ததில் தப்பில்லை, பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும் என்பதாம். அதற்குத்தான் உன் அம்மா சிரித்துச் சிரித்து, நல்லதுங்க என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் பாதி வழியில் தேயிலைச் செடி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வயதில் அந்தோனியார் கோயிலில் எனக்குக் கழுத்தை நீட்டியவள், வேறு ஓர் ஆம்பிளை முகத்தை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. அவளைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வர இருட்டிவிட்டது.

இப்போது நிலைமை இதுதான். தகப்பனை மறக்க முடியாத துக்கத்தில் வாய் தவறி மாற்றாந்தகப்பனை அப்பா என்று சொல்லிவிட்டேன் என்று பவுலின் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், எழுதினால் ஜனவரியில் போர்டிங் கட்டில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று பெரிய சாமி சொல்லிவிட்டார். நானே அவளிடம் சொன்னேன், எழுதிட்டுப் போம்மா, எங்க இருந்தாலும் நான் உங்கப்பந்தானே என்று. அதற்கு அவள், நீங்க நெசமாச் செத்தா அழுவேம்ப்பா, உசுரோட இருக்கையில எப்படிப்பா அழுது எழுதுறது என்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜனவரியிலிருந்து மலையில் கொழுந்து பறிக்க, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய்ப் பேர் பதியச் சொல்கிறாள். ஐந்து டிஸ்டிங்ஷன் எடுத்த பிள்ளை இன்றைக்கு அம்மாவின் பழைய கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறது. அவள் சொல்லை அந்த அம்மா நம்பவில்லை, என் முகத்தைப் பார்த்தும் நம்பவில்லை. உன் கையெழுத்தை மட்டும்தான் நம்புவார்.

ஆகவே நீ எழுத வேண்டும். எனக்கு அல்ல, அந்த அம்மாவுக்கு. அவர் இப்போது ஊருக்குத் திரும்பியிருப்பார், நீ நடந்து போகிற தூரம்தான் என்று முன்பு எழுதியிருந்தாய், நேரில் போனால் இன்னும் நல்லது. படிப்பு முடிந்து அந்த அம்மாவின் தயவில் கிடைத்த உன் வேலை போகலாம், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உனக்கு இடமில்லாமல் போகலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்து மூன்று வயதில் நீ இன்னொரு வேலை தேடிக்கொள்வாய், பதினேழு வயதில் கூடையைத் தலையில் மாட்டினவள் இறக்கி வைத்ததை இந்த லயத்தில் நான் பார்த்ததில்லை. பேர் பதிவதை ஜனவரி இருபது வரைக்கும் நான் தள்ளி வைப்பேன், அதற்கு மேல் அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள். தபால் பையைத் தினமும் நான்தான் பிரிக்கிறேன், பதில் வந்ததா வரவில்லையா என்று என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ, இராத்திரி ஜெபத்தை விடாதே, வெள்ளிக்கிழமை மாமிசம் வேண்டாம். உன் அம்மா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை, கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். ஜனவரி இருபதை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்குத் தாலி கட்டிய ஒரே ஆள்,
செபமாலை