செதுக்கிய ஏர்க்காலும் வேட்டன் வலக்கரமும்

மழை பிழையாத குறிஞ்சேரி நாட்டின் செங்கோல் ஓங்குக. அலைவாய்ப்பட்டினத்து மாந்தரும் மாடும் மரக்கலமும் நலம் பெறுக. கோவேந்தர் செந்திகிரியாரின் திருவடி நிழலில் பணிபுரியும் அமைச்சன் அருளாளன் கூத்தன், வடகரைப் போரில் கொடி காத்தவரும் அப்பட்டினத்தின் காவல் தலைவருமான திருமிகு வீரவிடங்கராயருக்கு விடுக்கும் ஓலை.

உமது நகர நலத்தை விரிவாகக் கேட்டறிய ஆசையுண்டு. இன்று அதற்குப் பொழுதில்லை. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. இவ்வோலையைச் சுமந்து வரவேண்டிய குதிரைவண்டி பூட்டியபடி வாயிலில் நிற்கிறது. குதிரை கால் மாற்றிக்கொண்டே இருக்கிறது. என் மனமும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அரசு உப்புப் பண்டசாலையைக் கொள்ளையிட்டோர் ஏறிப்போன வண்டி அகப்பட்டதென்றும், சக்கரத்தில் ஓர் ஆரக்கால் மட்டும் வேறு மரமாயிருந்த அடையாளம் பொருந்தியதென்றும், அதை வைத்திருந்த சுண்ணாம்புக் காளவாய்க்காரன் வேட்டனின் வலக்கரம் வரும் பௌர்ணமியன்று துணிக்கப்படுமென்றும் நீர் பெருமிதத்தோடு எழுதியிருந்தீர். அவ்வோலையின் ஈரம் காயுமுன் வேட்டன் மனைவி பூதி, கொப்புளித்த கால்களோடு எம் அவைக்கு வந்து சேர்ந்தாள். கொள்ளை நடந்த பிறகே தன் கணவன் அவ்வண்டியை உமது பட்டினத்துப் பழவண்டித் தெருவில் வாங்கினானென்றும், முன்பு அது யாருடையதென்று கேட்டால் விற்ற வணிகன் கைவிரிக்கிறானென்றும் முறையிட்டாள். கை போனபின் அவன் எதைக்கொண்டு கல்லுடைப்பான் என்பதை அமைச்சரே சொல்லவேண்டுமென்றும் கேட்டாள்.

உடனே தலைநகரத்துப் பழம்பொருள் வணிகரை வரவழைத்து விசாரித்தேன். வண்டியை விற்க வருபவன் நொடித்துப்போனவனாயிருப்பானாம். அவன் பெயரைக் கேட்பது ஆகாதாம். வண்டியில் நுகம் பூட்டும் ஏர்க்காலில் அவன் இட்ட சூட்டுக்குறியை உளியால் செதுக்கி, அவ்விடத்தில் மஞ்சள் பூசிவிட்டால், அவனுடைய கெட்ட காலம் வாங்குபவனைத் தொடராதாம். தங்கள் பாட்டன் காலத்து வழக்கமென்று அவர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்வனுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை வேறு யார் செய்வார்?

ஆகவே கோவேந்தர் ஆணையை முரசறைந்து அறிவிப்பீராக. பழைய வண்டியோ தேரோ பல்லக்கோ, பாத்திரமோ அணிகலனோ வாங்கி விற்பவர் எவராயினும் அரச முத்திரையிட்ட உரிமப்பட்டயம் பெற்று, கடை வாயிலில் யாவரும் காணத் தொங்கவிட வேண்டும். பொருளைக் கொடுத்தவன் பெயர், ஊர், பொருளின் அடையாளம், உடனிருந்து கண்ட சான்றாளன் இவ்வளவும் அன்றன்றே ஏட்டில் ஏற வேண்டும். காவலர் கேட்டபோது ஏட்டை மறுக்கலாகாது. வாங்கிய பொருளை ஒரு பிறை வளர்ந்து தேயும்வரை உருமாற்றாமல் வைத்திருந்து, பறிகொடுத்தவர் தேடிவந்தால் காட்ட வேண்டும். பழைய குறிமேல் உளி வைப்பவன் உரிமத்தை இழப்பான். மஞ்சள் பூசுவதை நாம் தடுக்கவில்லை. குறியின் பக்கத்தில் தாராளமாகப் பூசிக்கொள்ளட்டும்.

இது இனி வருவோருக்கான காவல். வேட்டனுக்கோ பௌர்ணமி நெருங்குகிறது. அதுவே என்னை உட்காரவிடாமல் அலைக்கழிக்கிறது.

முடிசூட்டு விழாவுக்கு நீர் ஏறிவந்த கூண்டுவண்டி அச்சு முறிந்து எம் அரண்மனைக் கொட்டிலில் நிற்பதை மறந்திருக்கமாட்டீர். இன்று காலை அதன் கீழே குனிந்து பார்த்தேன். ஏர்க்காலில் உள்ளங்கையளவு செதுக்கிய பள்ளமும் அதில் காய்ந்த மஞ்சளும் இருந்தன. வண்டியோடு இங்கேயே தங்கிவிட்ட உம் வண்டியோட்டியை விசாரித்ததில், அதுவும் அதே பழவண்டித் தெருவில் நீர் வாங்கியதென்று அறிந்தேன். வீரவிடங்கராயரே, உமக்கு முன் அவ்வண்டி யாருடையது? அது எந்தக் கொள்ளைக்குப் போய்வந்தது?

சான்றோடு அதற்கு மறுமொழி எழுத உம்மால் முடியுமாயின், வேட்டனைப்பற்றி இனி நான் வாய்திறவேன். முடியாதாயின், இவ்வோலை கண்ட கணமே அவனை விடுவித்து, வண்டியையும் அவனிடம் சேர்ப்பீராக. எந்த நீதியால் அவன் கரம் துணிபடுமோ, அந்த நீதி உம் கரத்தையும் தேடிவரும்.

கோவேந்தர் திருவுளப்படி இரட்டைக்கெண்டை முத்திரையிட்டு விடுத்தோம். இவ்வோலையைக் கொண்டுவந்து உம்முன் நிற்பவள் பூதி. விடையை அவள் முகம் பார்த்துச் சொல்வீராக.