மீன்தொட்டிக்குப் போட்ட எரு

ஞாயிறு, ராத்திரி.

மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. மீன்தொட்டியில் வைத்த செடிகள் நன்றாக வேர்பிடிக்கட்டும் என்று மணலுக்கு அடியில் ஆட்டுப்புழுக்கை போட்டிருந்தேன். வயலுக்குப் போட்டுப் பழகிய புத்தி. ஒரே வாரத்தில் தண்ணீர் சாக்கடையாகிவிட்டது. இன்று ஒரு செடியைப் பிடுங்கினேன், வேரெல்லாம் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவற்றை வாளிக்கு மாற்றிவிட்டு, அடியில் கிடந்ததைக் கையாலேயே அள்ளினேன்.

வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "செடிக்கு எரு போட்டீக, சரி. அந்த மீனுக எங்குட்டுப் போகும்?"

குனிந்து பார்த்தேன். வாளியில் ஒரு மீன் செத்து மிதந்தது.

சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். கை வாய்வரை வந்தது. அந்த வாடை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.