கண்ணுக்கு எழுதிய ஒழிமுறி

1956 செப். 12, புதன்

வெயில், புழுதி. தக்கலைச் சத்திரத்தில் சர்க்கார் இலவசக் கண் சோதனை. காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். வலது கண்ணில் போன வருஷமே புகை மூட்டம். இப்போது இடதிலும். வகுப்பில் பலகையில் நான் எழுதியதே எனக்குத் தெரிவதில்லை.

என் முறை. கிளார்க்: "போன மாசம் வர எல்லாருக்கும் உண்டு, சாரே. இப்பம் புது சட்டம். நெலத்துக்குக் கரம் கெட்டுத குடும்பத்துக்குக் கெடையாது. குடும்பத் தலைவர் யாரு?"

மாமா பெயரைச் சொன்னேன். அம்மையின் அண்ணன். மருமக்கள் வழிக் குடும்பத்தில் காரணவரான மாமா உயிரோடு இருக்க, மருமகன் தன் பெயரைச் சொல்வதா? நாக்குப் பழக்கம். வயல் முழுவதும் அவர் பெயரில், நிலவரிக் கரமும் அவர் பெயரில். என் பெயரை அடித்துவிட்டான். அந்த நெல்லில் ஒரு மணி என் வீட்டுக்கு வருவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பம் குடும்பத்துல பங்கு இல்லன்னு ரேகைப் பத்திரம் கொண்டு வாரும்."

கோமதி கேட்டாள்: "எனக்கும் பிள்ளையளுக்கும் சோறு போடுதது ஒங்க மாமாவா?" தலைவர் என்று என் பெயரையே சொல்லியிருக்கலாம். பெண்டாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. முட்டாள்.

செப். 14, வெள்ளி

மாமா வீடு. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பங்கு வேண்டாமென்று ஒழிமுறி எழுதித் தருகிறேன் என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்லுதியா மக்கா? பொறவு வந்து நிக்கப்பிடாது."

"கண்ணு போன பொறவு வயல வச்சு என்ன செய்ய, மாமா?"

பத்திரம் வாங்க அவரே ஆள் அனுப்பினார். அவரிடம் இவ்வளவு வேகம் பார்த்ததில்லை.

செப். 20, வியாழன்

ஒழிமுறி பதிய ரிஜிஸ்தர் கச்சேரி. கையெழுத்துப் போடும் இடம் தெரியவில்லை. மாமா என் விரலைப் பிடித்து வைத்தார்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், வற்றல் மிளகாய், சின்னவளுக்கு சிலேட்டு. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அக். 10, புதன்

சாரல். தக்கலைச் சத்திரத்தில் ரேகையைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். டாக்டர் நல்ல மனுஷர். வலது போனது போனதுதான். இடதைக் காப்பாற்றலாம், சீக்கிரம் கத்தி வைக்க வேண்டும், திருவனந்தபுரத்தில். செலவில்லை. நவம்பர் முதல் வாரத்துக்குச் சீட்டு.

பஸ்ஸில் கோமதி அழுதாள். நானும்.

நவ. 1, வியாழன்

ஊரெல்லாம் வெடி. நேற்றுவரை திருவனந்தபுரத்தின் கீழ்; இன்றுமுதல் நாங்கள் மதராஸ் ராஜ்யம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய். நானும் கை தட்டினேன். தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும். சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல?

நவ. 6, செவ்வாய்

திருவனந்தபுரம். நல்ல மழை. ஆசுபத்திரியில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"நிங்ஙள் இப்போள் மதராஸ்காரல்லே?"

இலவசம் அவர்கள் ராஜ்யத்தாருக்கு மட்டுமாம். பணம் கட்டினால் நாளைக்கே கத்தி வைக்கலாம். இல்லையென்றால் மதராஸ் உத்தரவு வர வேண்டும். எப்போது வரும்? தெரியாது. அதுவரை கண் தாங்குமா? அதுவும் தெரியாது.

கோமதி அந்த ஆள் காலில் விழப் போனாள். பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்? மானம். கண் போகிறவனுக்கு மானம் ஒரு கேடு.

வழியில் அவள் ஒன்றுதான் சொன்னாள். "நம்ம பங்கு வயலு இருந்தா ஒத்திக்கு வச்சிருக்கலாம்."

நவ. 7, புதன்

தூக்கமில்லை. காலையில் மாமா வீடு. ஒரு துண்டு வயல் மட்டும் திருப்பித் தாருங்கள், ஒத்தி வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு மீட்டுத் தருகிறேன் என்றேன். கையைப் பிடித்துக் கேட்டேன்.

"நானா மக்கா வந்து கேட்டேன்? நீதானே எழுதித் தந்த?"

உண்மை. அவர் கேட்கவே இல்லை. விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது வரப்பில் எதிரே ஒரு பெண். ஒதுங்கி வழிவிட்டேன். அவள் போகவில்லை.

"நாந்தான்" என்றாள் கோமதி.