கரடிக்குக் கேட்கட்டும்

இஞ்சருங்கோ,

முப்பத்தாறு வருடம் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கடிதத்துக்கும் வேறு சொல் வரவில்லை. உங்களிடம் சுகம் விசாரிக்க முடியாது, அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நான் மலைக்குப் போய்வந்துவிட்டேன். நீங்கள் தெரிவுசெய்த அதே கனடா மலை, அதே குதிரைப் பண்ணை, அதே ஆறு நாள் நடை. தடுத்துப் பார்த்தார்கள், நான் நிற்கவில்லை.

தடுத்தது யார் என்று கேட்பீர்கள். வேறு யார், உங்கள் அக்காதான். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் நம் வீட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நீங்கள் போய்ப் பத்து மாதம்தான் ஆகிறது, வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் முடிவதற்குள் செத்தவீட்டு மனுசி மலை ஏறக் கூடாதாம். அதுவும் காற்சட்டை போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத வெள்ளைக்காரரோடு. சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார்.

"ஏறக் கூடாதெண்டது கோயில் மலையெல்லோ மச்சாள்? அங்க கோயில் இல்லை. கரடிதான் இருக்கு," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்லிவிட்டேனே என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்தப் பண்ணையின் படங்களை நீங்கள் பார்த்த பார்வை எனக்கு மட்டும்தானே தெரியும்? காலைப் பேப்பரைத் தள்ளிவைத்துவிட்டு, புல் மேயும் குதிரைகளைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மகள் துளசி கல்கரியிலிருந்து இரண்டு பேருக்கும் இடம் பதிந்துவிட்டேன் என்றதும், எனக்கும் சேர்த்துச் சப்பாத்து வாங்கிவந்து வெள்ளவத்தை மெரைன் டிரைவில் நடத்திப் பழக்கினீர்கள். லிஃப்ட் இருக்க, ஐந்து மாடியும் படியில் ஏறவைத்தீர்கள். முழங்கால் நோகுது என்று நான் சத்தம் போட்டால், "மெதுவாக் கதையும், அயலுக்குக் கேக்கும்" என்பீர்கள். பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவேயில்லை. ஏறப் பழக்கிவிட்டுத் தனியே விட்டுப் போனால், நான் ஏறாமல் என்ன செய்வேன்?

மெதுவாக் கதையும். அந்தச் சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கேட்க வேண்டும்.

சண்டைக் காலம், துளசி அப்போது கைக்குழந்தை. நூறாம் நம்பர் பஸ்ஸில் நான் பிள்ளையோடு முன் சீட்டில், நீங்கள் பின்வாசலுக்குக் கிட்ட. சனத்துக்குள் உங்கள் முகத்தைக் காணவில்லை என்ற பதற்றத்தில், "இஞ்சருங்கோ, டிக்கெட் எடுத்தாச்சோ?" என்று பஸ் முழுக்கக் கேட்கத் தமிழில் கூப்பிட்டேன். எல்லாத் தலையும் திரும்பியது. அடுத்த சோதனைச் சாவடியில் அத்தனை பேருக்குள் உங்களைத்தான் இறக்கினார்கள். மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனி வெளியில மெதுவாக் கதையும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குத் தணிந்த குரல் பிறகு வெளியில் உயரவேயில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடமான பிறகும் ரயிலிலும் மீன்கடையிலும் உங்கள் காதுக்குள்தான் கதைத்தேன். அடையாள அட்டையைப் பார்த்தாலே நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் குரலால்தான் உங்களைப் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லையே? ஒரு நாளாவது "அது உம்மால இல்லை" என்று சொல்லியிருந்தால் வாய் நொந்திருக்குமா? எனக்கு இந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆட்டைத் திவசத்துக்கு முன் கோபிக்கவும் கூடாதோ தெரியவில்லை, உங்கள் அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

சரி, மலைக்கு வருகிறேன். துளசி என்னைப் பண்ணையில் இறக்கிவிட்டுப் போனாள். அப்பாவின் இடத்தில் நான் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் வந்திருந்தால் ஆறு நாளும் நான் அழுகிறேனா என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். மரத்தால் கட்டிய சின்னச் சின்னக் குடில்கள், பின்னால் நீங்கள் சொன்ன அதே குதிரைகள். காலையில் நீளமான மேசையில் பாணும் சீஸும் பழமும் பரப்பிவைப்பார்கள். பகல் சாப்பாட்டை அவரவரே கட்டி எடுத்துக்கொண்டு வழிகாட்டியோடு கிளம்ப வேண்டும். நான் பாணுக்குள் நம் சீனிச் சம்பலை வைத்தேன். மற்றவர்களும் கேட்டுக் கேட்டு வாங்கியதில், இரண்டாம் நாளே சம்பல் போத்தலில் பாதி இல்லை.

எங்கள் எட்டுப் பேருக்கும் வழிகாட்டி ஹன்னா என்ற பெண். துளசியின் வயதுதான் இருக்கும். முதல் நாளே கரடியைப் பற்றிச் சொல்லித் தந்தாள். அது சும்மா வந்து மனிதரைத் தேடிப் பிடிப்பதில்லையாம். திடுக்கிட்டால்தான் ஆபத்தாம். ஆட்கள் வருவது முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் தானே விலகிப் போய்விடுமாம். ஆகவே பற்றை அடர்ந்த இடங்களிலும் ஆற்று இரைச்சல் உள்ள இடங்களிலும் எல்லோரும் உரக்கக் கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

மற்றவர்கள் கதைத்தார்கள், பாடினார்கள். நான் கடைசி ஆளாக, பழக்கதோஷத்தில், வாயை மூடிக்கொண்டு நடந்தேன். ஹன்னா நின்று, ஏன் கதைக்கவில்லை என்று கேட்டாள். ஆங்கிலத்தில் உரக்கக் கதைக்கும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை என்றேன்.

"உங்கள் மொழியிலேயே கதையுங்கள்," என்றாள். "எந்த மொழி என்று கரடி பார்க்காது. சத்தமாக மட்டும் கதையுங்கள்."

எனக்கு அறுபத்திரண்டு வயது. உன் மொழியில் கதை, உரக்கக் கதை என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால், முதலில் வந்தது பஸ் கொண்டக்டரின் குரல். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என்று நான் கத்த, முன்னால் போனவர்களும் திருப்பிக் கத்தினார்கள். கோட்டை வந்ததும் இடங்கள் முடிந்துவிட்டன. கரடிக் காடு முடியவில்லை.

"இஞ்சருங்கோ," என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சோ?"

அதே கேள்வி. அதே குரல். அது இன்னும் எனக்குள் இருந்திருக்கிறது, பாருங்கள். அதற்குப் பிறகு யார் என்னை நிறுத்துவது? துளசியின் வேலை, உங்கள் அக்காவின் கோபம், முழங்கால் நோ, நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனம், எல்லாவற்றையும் அந்த ஏற்றம் முழுக்க உரத்துச் சொன்னேன். ஒரு கரடியும் வரவில்லை.

மரங்கள் முடிந்து வெறும் கல்லாகக் கிடந்த உச்சியில் சாப்பிட இருந்தோம். யாரோடு கதைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று ஹன்னா கேட்டாள். என் கணவரோடு, போன வருடம் இறந்துவிட்டார் என்றேன். அவருக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

உங்கள் பெயரை எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஐயர் பெயர் கேட்டபோதுகூட நான் குனிந்து நிற்க, உங்கள் அக்காதான் சொன்னார். ஹன்னாவுக்குச் சொன்னேன். தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் சொன்னேன். அங்கே பற்றையும் இல்லை, ஆறும் இல்லை, உரக்கச் சொல்ல ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் உரக்கத்தான் சொன்னேன். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். யாரும் வந்து யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

திரும்பி வந்ததும் உங்கள் அக்கா வந்தார். படங்களைப் பார்த்தார், காற்சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "கரடியைக் கண்டனியோ?" என்று கேட்டார். என்ர சத்தத்துக்கு அது நாட்டை விட்டே ஓடியிருக்கும் என்றேன். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். தேத்தண்ணியையும் குடித்தார்.

நேற்று நூறாம் நம்பர் பஸ்ஸில் இருக்கும்போது துளசி போன் எடுத்தாள். வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தேன். முன் சீட்டுப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு தன் போனுக்குள் போய்விட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் குரலை இறக்கவில்லை.

அடுத்த மாதம் ஆட்டைத் திவசம். மச்சாள், இந்த முறை நீங்கள் வாய் திறக்க வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஐயர் பெயர் கேட்டால் நான்தான் சொல்வேன், கடைசிப் பாயில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. மெதுவாக் கதையும் என்று எங்கிருந்தாவது சொல்லிப் பாருங்கள், நான் கேட்கப்போவதில்லை.

சின்னத்தம்பி குணநாயகத்தின் மனைவி,
யோகேஸ்வரி
வெள்ளவத்தை