ரெக்கார்டரில் நம்ம ஊர் நேரம்

இளவரசிக்கு,

நீயும் புள்ளையும் சௌக்கியமா? அம்மாவுக்கு இருமல் விட்டுச்சா?

போன்ல சொன்னா பயப்படுவ, அதான் எழுதுறேன். இங்க சிங்கப்பூர் கடையில கேமரா ரெக்கார்டர நான்தான் செட் பண்ணேன். போன வாரம் காலையில பத்து மணிக்கு கடைக்கு வந்த ஒரு அம்மாவோட பை காணாமப்போச்சு. பத்து மணி பதிவுல அவுங்களே இல்ல. நான் அழிச்சிட்டேன்னு முதலாளி சந்தேகப்பட்டாரு. கடைசியில ஏழரை மணி பதிவுல அவுங்க வந்துபோனது கிடைச்சுது. அவுங்களே மறந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க.

நான் மெஷினுக்கு நேரம் வெச்சது, கல்யாணத்துக்கு மாமா சிதம்பரத்துல வாங்கிக் குடுத்த வாட்சப் பாத்து. அது இன்னும் நம்ம ஊர் நேரத்துலதான் ஓடுது, இங்கத்த நேரத்தவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி.

மெஷின சரி பண்ணிட்டேன். வாட்ச் வார் அறுந்துடுச்சு. லீவுல ஊருக்கு வந்திருக்க நம்ம அரசு இங்க திரும்பி வர்றப்ப, அவன்கிட்ட கறுப்பு வார் ஒன்னு குடுத்து விடு. இங்க வாட்ச் கடையில குடுத்தா நேரத்தையும் மாத்திடுவாங்க.

டூட்டிக்குக் கூப்பிடுறாங்க.

மணிமாறன்