பெரியவர் தூங்காத வீடு

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு மணிக்கு அவள் என் தோளைத் தட்டினாள். "உங்க டூட்டி." நான் எழுந்த சூட்டிலேயே அவள் படுத்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், படுக்கையில் எப்போதும் ஒருவர்.

கூடத்தில் பெரியவர் சோபாமேல் நின்று குதித்துக்கொண்டிருந்தார். நான்கு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. பெரியவர் என்று பெயர் வைத்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். எங்கள் தரை அவருக்குக் கூரை; சண்டை போடத்தான் ஏறி வந்தார். மகனுக்கு ஆட்டிசம், தூக்கம் வராது என்று சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தார். "வயசானவங்களுக்குத்தான் தூக்கம் வராதுன்னு நினைச்சேன். உங்க வீட்டுப் பெரியவரை மெத்தைமேல குதிக்கச் சொல்லுங்க." இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்கும் பெரியவர்தான்.

மெத்தையைக் கூடத்தில் போட்டேன். விடியும்வரை குதித்தார். கையில் பழைய காலண்டர் அட்டை. கண்ணருகே வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

மார்ச் 5, வியாழன்

லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், கூண்டின் மேல் நின்றபடியே தூங்கிவிட்டேன். இரும்பு தலையில் இடித்து விழித்தேன். மேஸ்திரி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இறங்குப்பா. இன்னிக்கு கீழ நின்னு சாமான் எடுத்துக் குடு. உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

மார்ச் 8, ஞாயிறு

அவள் அண்ணன் வந்தார். "மாப்ள, கோவிச்சுக்காதீங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளை வச்சுப் பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ராத்திரிக்குன்னே ஆள் போட்டிருக்காங்க. அப்பப்போ போய்ப் பாத்துட்டு வரலாம்."

நான் வாய் திறக்குமுன் சமையலறையிலிருந்து அவள் சொன்னாள். "எங்க பிள்ளைக்கு நாங்க இருக்கோம்ணே."

அவர் போன பிறகு பாத்திரம் கழுவப் போனாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. போய்ப் பார்த்தால், தொட்டியைப் பிடித்து நின்றபடி தூங்குகிறாள். குழாயை மூடினேன்.

மார்ச் 9, திங்கள்

மருத்துவரம்மா தூக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மூடி. "ஒண்ணுதான். தூங்கலையேன்னு இன்னொரு மூடி ஊத்திடாதீங்க." வாசல்வரை வந்து மறுபடியும் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்

மருந்து குடித்துவிட்டும் குதித்தார்.

மார்ச் 12, வியாழன், காலை

வெயில் முகத்தில் பட்டு விழித்தேன். வெயில்! இரவு யாரும் யாரையும் தட்டவில்லை. பெரியவர் மெத்தையில் குப்புறப் படுத்து, வாய் ஓரம் எச்சில் ஒழுகத் தூங்குகிறார். அவளும் தூங்குகிறாள். கண் பட்டுவிடுமோ என்று எழுதவே கூசுகிறது.

நேற்று வர நேரமாகிவிட்டது. மின்சாரம் போய் ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா. "தம்பி, அறுந்து விழுந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கரண்ட் போனா பிரேக் தானாப் பிடிச்சுக்கும்மா. தப்பு நடந்தா நிக்கும், விழாது. செஞ்சதே அப்படித்தான்" என்று மேலிருந்து கத்தினேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூக்கம். பெரியவர் குதித்துக்கொண்டிருந்தார். மருந்து மூடி கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. பாவம், கொடுக்காமலே கண்ணயர்ந்துவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. நானே கொடுத்தேன்.

தேநீர் போடப் போகிறேன், இரண்டு பேருக்கும். சேர்ந்து உட்கார்ந்து குடித்து எவ்வளவு நாளாயிற்று?

அதே நாள், இரவு. ஆஸ்பத்திரி.

காலையில் டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "நேத்து மருந்தைத் துப்பப் பாத்தார். வாயைப் பொத்திக் குடுத்தேன்."

"எப்போ?"

"சாப்பிட்டு முடிச்சதும். மூடியக்கூடக் கழுவிக் கவுத்து வச்சேனே."

என் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள். அத்தனை மெதுவாக.

அவனைத் தூக்கினேன். கழுத்து நிக்கல. கூப்பிட்டேன், கிள்ளினேன், கண்ணு திறக்கல. எத்தனை ராத்திரி தூங்குடா தூங்குடான்னு கெஞ்சியிருக்கேன் — எழுந்திருடா. எழுந்து குதிடா.

தையல்காரர்தான் வண்டி ஓட்டினார். அளவு நாடா கழுத்தில் கிடந்தபடியே.

மூச்சு மந்தமாக இருக்கிறதாம். முகத்தில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். உடம்பிலிருந்து மருந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எழுப்பியிருக்கலாமே?"

"மனசு வரல."

"உங்க மனசை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மார்ச் 13, வெள்ளி

மாலையில் கண் திறந்தான். ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி, கண்ணருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். நர்ஸ் அதட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்து இப்போதைக்கு நிறுத்தம். மருத்துவரம்மா திட்டவில்லை. "நீங்க வேணும்னு செய்யலைன்னு தெரியும். இனி நடக்காம எப்படிப் பாத்துக்கப் போறீங்க?" கவனமாக இருப்போம் என்றேன். "தூங்காதவங்களுக்குக் கவனம் எங்கேருந்து வரும்?" என்றார்.

இரவு அவள் போனில் பேசுவது கேட்டது. "அந்த இடத்தை ஒருதடவ பாத்துட்டு வரலாம்ணே."

மார்ச் 19, வியாழன்

அண்ணனோடு போய்விட்டு வந்தாள். சுத்தமாக இருக்கிறதாம். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றனவாம். ஏப்ரல் ஐந்தாம் தேதி ஓர் இடம் காலியாகிறது.

"நம்மகிட்ட இருந்தா செத்துப்போவான். அங்க இருந்தா உயிரோட இருப்பான். இதுக்கு மேல உங்களுக்குச் சொல்ல எதாவது இருந்தா சொல்லுங்க."

பக்கத்து அறையில் குதிக்கும் சத்தம். இரண்டு பேரும் இப்போது அவனை அவன் என்றே சொல்கிறோம், பெரியவர் என்று இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

வேலைக்கு இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே.' மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மற்றவன் எதையும் யோசிக்க வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும். இத்தனை வருடத்தில் அட்டை மாட்டாமல் ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை. பிள்ளை வாயில் மருந்து ஊற்றுமுன் எதைப் பார்த்தேன்? மூடி காய்ந்திருக்கிறதா என்று.

மேஸ்திரியிடம் ஓர் அட்டை கேட்டேன்.

"உன் வீட்ல ஏதுப்பா லிஃப்ட்டு?"

"ஒண்ணு இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

மார்ச் 26, வியாழன்

மருத்துவரம்மா சொல்லி மருந்து மறுபடியும் ஆரம்பம், பாதி அளவு. புட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டிய, பூட்டிய பெட்டியில். அட்டை பெட்டியின் கைப்பிடியில். கொடுப்பவர் அட்டையை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும்; விடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அட்டை இல்லையென்றால் அன்று மருந்து கொடுத்தாயிற்று. கேட்க வேண்டாம், எழுப்ப வேண்டாம்.

அவள் முழுவதும் கேட்டாள். "அஞ்சாம் தேதி வரைக்கும்தானே" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் ஒரு பெரிய பை கொண்டுவந்து கொடுத்தார். துணிகளை மடித்து அடுக்குகிறாள். ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று மெத்தை உறை கிழிந்திருந்தது. ராத்திரி அவன் சாப்பிட்டதும் கீழே போய், தையல்காரரிடம் உட்கார்ந்து தைத்து வாங்கி வந்தேன். மேலே வந்தபோது நேரமாகிவிட்டிருந்தது. கைப்பிடியில் அட்டை இல்லை. கொடுத்துவிட்டாள் என்று படுத்தேன். இரண்டு மணிக்குத் தட்டினாள். கூடத்தில் குதியான குதி. கை ஒருமுறை பெட்டிவரை போனது. அட்டை இல்லை. கையை இழுத்துக்கொண்டேன். விடியும்வரை கண் மூடவில்லை.

காலையில் அவள் கேட்டாள். "குடுத்த மருந்து துளிகூடக் கேக்கலையே?"

"நீதானே குடுத்தே? எங்கிட்ட கேக்கறே?"

"நான் எங்க குடுத்தேன்? அட்டை இல்ல. நீங்க குடுத்துட்டுக் கீழ போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட இல்லையே."

என் சட்டைப் பைகளைத் துழாவினாள். மெத்தையைப் புரட்டினோம். நிமிர்ந்தபோது எங்கள் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். சிவப்பு அட்டையை நூலில் தொங்கவிட்டு, கண்ணருகே ஆட்டிக்கொண்டு. பெட்டிக்குக் கீழே நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அப்போதுதான் பார்த்தோம்.

பெட்டியைத் திறந்து, புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குறையவில்லை. யாரும் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் போனது. போனது அவ்வளவுதான்.

தப்பு நடந்திருக்கிறது. நின்றிருக்கிறது. விழவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பத்து மணி வாக்கில் அண்ணன் போன் செய்தார், ஐந்தாம் தேதி எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று. "வேண்டாம்ணே" என்றாள். அந்தப் பக்கம் வெகு நேரம் பேசினார். "இல்லண்ணே, எங்க தூங்கினார்? ராத்திரி முழுக்கக் குதிச்சார் பெரியவர்."

மேஸ்திரியிடம் இன்னோர் அட்டை கேட்க வேண்டும். ஆணியையும் உயரத்தில் அடிக்க வேண்டும். இந்த அட்டையைப் பெரியவர் தருவதாக இல்லை.