கூடைக்குள் கிளாரினெட்

அக்டோபர் 9, புதன், உப்சாலா
கிளாரினெட் வகுப்பில் ஆசிரியர் ரூனே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட சகுனம். "வீட்டுல பெட்டியைத் திறக்கறதே இல்லையா நீங்க? டிசம்பர் பதினொண்ணுக்குள்ள இந்த ஒரு பாட்டை முழுசா வாசிங்க. இல்லேன்னா உங்க இடம் அடுத்தவருக்கு." அந்த இடத்துக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். மூன்று ஆண்டில் ஆய்வேடு எழுதி முடித்தவள். மூன்று நிமிடப் பாட்டுக்கு நேரமில்லை.

அக்டோபர் 12
நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு புத்தகம். படித்து முடிக்க மூன்று மாலை போயிற்று.

அக்டோபர் 15
படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். நான்காவது சுரத்தில் மகள் லோவா: "அம்மா, என் கறுப்பு ஸ்வெட்டர் எங்க?" ஏழாவதில் கணவன் ஸ்டஃபான்: "ஒண்ணுமில்லையே உனக்கு? யாரோ முனகற மாதிரி கேட்டுது." பெட்டியை மூடிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு
கட்டிடத்துக்கே பொதுவான கீழ்த்தளச் சலவையறையில் இன்று எங்கள் முறை, மாலை ஐந்திலிருந்து எட்டு. மூன்று மணி நேரம் ஒருவரும் என்னைத் தேடவில்லை! வந்தால் படுக்கை விரிப்பு மடிக்கச் சொல்வேனோ என்ற பயம் வீட்டாருக்கு. மற்றவர்களோ, அடுத்தவர் சலவை நேரத்தில் அந்தக் கதவைத் தொடுவதற்குப் பதில் வங்கியில் கொள்ளையடிப்பார்கள். அப்படியானால் —

அக்டோபர் 22, செவ்வாய்
சலவையறைப் பதிவுப் பலகையில் செவ்வாய் மாலைக்கு எங்கள் வீட்டுப் பூட்டை மாட்டினேன்; எவர் பூட்டு தொங்குகிறதோ அந்த நேரம் அவருடையது. கூடைக்குள் கிளாரினெட், மேலே ஒரு துண்டு. சத்தம் தெரியாமலிருக்க எந்திரத்தை வெறுமனே ஓட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பத்துத் தடவை வாசித்தேன்.

நவம்பர் 12
பாதிப் பாட்டு வந்துவிட்டது.

நவம்பர் 19
சலவையறைக் கதவில் ஒரு சீட்டு: "செவ்வாய்க்கிழமைக்காரருக்கு: காயவைக்கும் அறையில் ஒரு காலுறைகூட இல்லை. கவனித்து வருகிறோம்!" கீழே ஒரு சிரித்த முகம். பெயர் எதற்கு? இந்தக் கட்டிடத்தில் கோபம் வந்தால் சிரித்த முகம் வரைபவர் குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோர்தான். பூட்டைப் பறித்துவிட்டால் என்ன செய்வேன்? இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

நவம்பர் 26
குன்வோர் சலவையறைக் கதவைத் துணிந்து திறந்துவிட்டார். என் நேரத்தில்! அவருக்கே முகம் சிவந்தது.
"துணி எங்கம்மா?"
துண்டைக் காட்டினேன்.
"ஏழு வாரமா இந்த ஒரு துண்டா?"
"ஆறுதான்," என்றேன். 
கிளாரினெட்டைப் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். "இங்க யாருமே வந்து எதுவும் கேக்கறதில்லையா?"
"ஒருத்தரும் இல்ல."
"புருஷன்கூடவா?"
"அவர்தான் முதல்ல ஓடுவார்."
கதவை உள்பக்கமாகச் சாத்தினார். பிறகு, மெதுவாக: "வியாழக்கிழமை காலியா இருக்கா?"

டிசம்பர் 3
யார் வாய் திறந்தார்களோ — பலகை முழுக்கப் பூட்டு, ஜனவரி வரை. எங்கள் பூட்டை ஸ்டஃபானே எடுத்துக்கொண்டான். "இன்னிக்கு நான் துவைக்கிறேன், நீ உக்காரு." இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை! கூடையில் ஒரு சட்டை. அதன் கீழே இத்தாலியப் பாடப்புத்தகம். லோவாவும் "அப்பாவுக்கு உதவி" என்று கித்தாரோடு போனாள். என் செவ்வாய் போயிற்று. அழுகையாக வந்தது, போய்க் கத்தலாமா என்று — அப்புறம்தான் கவனித்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

டிசம்பர் 11
வீட்டில் துவைத்த துணி ஒன்றுகூட மிச்சமில்லை, கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முழுப் பாட்டும் வாசித்தேன். ரூனே கண்ணாடியைக் கழற்றவேயில்லை, இடம் எனக்குத்தான். ஒன்றே ஒன்று கேட்டார்: "குளிர்காலத்துல எதுக்குங்க நீச்சலுடை மேல கோட்டு?"